குற்றால மலை ஏறினார், திரும்பவில்லை: யார் இந்த செங்கோட்டை ஆவுடை அக்காள்?

ஆடி அமாவாசை அன்று குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். பொழுது விடியும் முன்னாடியே அருவிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் முன்னோர்களுக்குத் தர்ப்பணம், இன்னொரு பக்கம் சீசன் குளியலுக்கு வந்த கூட்டம். சாரல் விழுந்துகொண்டே இருக்கும்.

சுமார் 300 வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு ஆடி அமாவாசை நாளில், பக்கத்து ஊரான செங்கோட்டையைச் சேர்ந்த ஒரு பெண் இங்கே அருவியில் நீராடினார். பிறகு பொதிகை மலைப் பக்கம் தனியாக ஏறிப் போனார். அதற்குப் பின் அவரை யாரும் பார்க்கவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவருக்குச் சமாதி கிடையாது, மடம் கிடையாது, பீடம் கிடையாது. இருப்பதெல்லாம் பாட்டு மட்டும்தான்.

அவர்தான் ஆவுடை அக்காள். அத்வைத வேதாந்தத்தை, அதாவது சமஸ்கிருதம் படித்த ஆண்கள் மட்டும் உட்கார்ந்து விவாதித்த ஒரு விஷயத்தை, கும்மிப் பாட்டாகவும் அம்மானைப் பாட்டாகவும் மாற்றி அடுப்படிக்குள் கொண்டுபோனவர். அவரே ஒரு குழந்தை விதவை.

செங்கோட்டை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது வாஞ்சிநாதன்தான். 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டவர். அதே ஊரில், அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்னால் வாழ்ந்தவர் அக்காள். இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. மலையைத் தாண்டினால் கேரளா, இந்தப் பக்கம் வந்தால் திருநெல்வேலிச் சீமை. அப்படிப்பட்ட எல்லை ஊர்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

வெளியூர்க்காரர்களுக்கு ஆவுடை என்ற பெயர் கொஞ்சம் புதுசாக இருக்கலாம். நெல்லை, தென்காசிப் பக்கம் ஆவுடையப்பன், ஆவுடையம்மாள், ஆவுடைநாயகம் என்று தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். சங்கரன்கோவில் கோமதி அம்மனின் தமிழ்ப் பெயர் அது. ஆ என்றால் பசு. பசுக்களை உடையவள் ஆவுடை. கோமதி என்பதும் அதேதான்.

அக்காள் என்பது ஊர் வைத்தது. அம்மையார், தாயார், மாதா என்றெல்லாம் பெரிய பட்டம் கொடுக்காமல், வீட்டுக்கு மூத்த பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி அக்காள் என்றே கூப்பிட்டார்கள். இன்று வரைக்கும் அதுதான் அவர் பெயர்.

இருட்டறையில் இருக்க வேண்டிய பெண்

அக்காளின் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பது செவிவழியாக வந்த செய்திகள். அவருடைய பாடல்களைப் பாடிய பெண்கள், பாட்டோடு சேர்த்து இவர் கதையையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

செங்கோட்டையில் வசதியான பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி சின்னஞ்சிறு வயதிலேயே கல்யாணம். கல்யாணம் என்றால் என்ன என்று புரிவதற்கு முன்னாடியே கணவனாகிய சிறுவன் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு அந்தச் சமூகத்தில் என்ன நடக்கும் என்பதை இன்றைய தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகணும். பருவம் வந்ததும் தலையை மழித்துவிடுவார்கள். நகை, பூ, பொட்டு, கலர் புடவை எதுவும் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் கல்யாணம், சீமந்தம் என்றால் முன்னால் வரக்கூடாது. யாராவது வெளியே கிளம்பும்போது எதிரே வந்தால் அபசகுனம். பகல் முழுக்க பின்கட்டில், பல வீடுகளில் இருட்டறையில்தான் அவர்கள் வாழ்க்கை. விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் வந்ததே 1856-ல். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல். அக்காள் வாழ்ந்தது இதற்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறவர் அக்காளின் அம்மா. அவர் பெயரை மரபு சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் முதல் மீறல் அவருடையது. ஊர் வழக்கத்தைப் பொருட்படுத்தாமல், விதவையான தன் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஊர் எதிர்த்தது. பெண் படிப்பதே தப்பு என்ற காலத்தில் விதவைப் பெண் படிப்பதை எப்படிப் பொறுப்பார்கள்? அந்த அம்மா மட்டும் அன்று பயந்திருந்தால் நாம் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது.

குரு வந்தார்

அக்காளின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டவர் ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருவிசநல்லூர்க்காரர். தஞ்சாவூரை மராத்திய மன்னர் சாஹாஜி ஆண்ட காலத்தவர். அந்த மன்னர் பண்டிதர்களுக்காக அந்த ஊரையே மானியமாகக் கொடுத்தார்.

அய்யாவாள் யார் என்று தெரிந்தால்தான் அவர் ஏன் ஒரு விதவைப் பெண்ணுக்கு உபதேசம் செய்தார் என்பது புரியும். அவரைப் பற்றிய ஒரு கதை தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் சிராத்த நாள். சமையல் தயார். சாஸ்திரப்படி முதலில் பிராமணர்கள் சாப்பிட வேண்டும். ஆனால் வாசலில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் பசியோடு வந்து நிற்கிறார். அய்யாவாள் யோசிக்கவே இல்லை, சிராத்தத்துக்குச் சமைத்ததை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார். வந்த பிராமணர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதற்குப் பிராயச்சித்தம் கங்கையில் குளித்துவிட்டு வருவது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கங்கையை நினைத்துப் பாட, வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி வந்தது என்பது நம்பிக்கை. இப்பவும் கார்த்திகை அமாவாசை அன்று அந்தக் கிணற்றில் குளிக்க ஜனங்கள் போகிறார்கள்.

அதிசயத்தை விடுங்கள். ஆசாரமா, எதிரில் நிற்கிற மனுஷனா என்ற கேள்வியில் மனுஷனைத் தேர்ந்தெடுத்து, அதற்காக ஊரால் ஒதுக்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர் செங்கோட்டைக்கு வந்தபோதுதான் அக்காள் அவரைப் பார்த்தார், உபதேசம் பெற்றார் என்கிறது மரபு.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. மூலையில் உட்கார வேண்டியவள் ஒரு குருவிடம் உபதேசம் வாங்கிக்கொண்டு, தன்னை மறந்து திரிகிறாள், பாடுகிறாள் என்று பேசினார்கள். சிலர் பைத்தியம் என்றார்கள். கடைசியில் அக்காள் ஊரை விட்டே கிளம்பினார். யாத்திரையாகப் போய், காவிரிக்கரையில் குருவோடு சேர்ந்துகொண்டார்.

மாவிலைச் சண்டை

அங்கேயும் நிம்மதி இல்லை. குருவுக்கு இருந்த தெளிவு சீடர்களுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியுமா? ஆண் சீடர்களுக்கு நடுவில் ஒரு விதவைப் பெண் இருப்பது பலருக்கு உறுத்தியது.

ஒருநாள் காவிரியில் மிதந்து வந்த ஒரு மாவிலையை எடுத்து அக்காள் பல் துலக்கினார். அவ்வளவுதான். அது எச்சில் இலை, ஆசாரம் போச்சு என்று பிடித்துக்கொண்டார்கள். அதற்கு அக்காள் சொன்ன பதில் பாட்டாக வந்தது என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் சொல்வார்கள்.

எச்சில் என்று பார்த்தால் எதுதான் எச்சில் இல்லை என்பதுதான் அதன் சாரம். பூவில் வண்டு வாய் வைத்திருக்கிறது. பாலில் கன்று வாய் வைத்திருக்கிறது. தண்ணீரில் மீன் குடியிருக்கிறது. இதையெல்லாம் சாமிக்குப் படைக்கிறோம். கடைசியில், நாக்கில் பட்டு வெளியே வருகிற வேதமும் எச்சில்தானே என்று ஒரு போடு போடுகிறார். வேதமே எச்சில் என்று 300 வருஷத்துக்கு முன்னால், அதுவும் அக்ரஹாரத்து விதவை ஒருத்தர் பாடியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கணும்.

தீட்டு விஷயத்திலும் இதே கதைதான். மாதவிலக்கு நாளில் பெண்ணை மூலையில் உட்கார வைக்கிற வழக்கத்தை அவர் பாட்டில் நேரடியாகவே தொடுகிறார். எல்லா உடம்பும் அந்த ரத்தத்திலிருந்துதான் உருவாகிறது. அது தீட்டு என்றால், மந்திரம் சொல்கிறவர் உடம்பும் தீட்டுதானே? உடம்புக்கு ஒட்டிய எதுவும் ஆத்மாவுக்கு ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே ஒருத்தியை மட்டும் ஒதுக்கினால் அது என்ன வேதாந்தம்?

இங்கே ஒன்று கவனிக்கணும். அக்காள் வேதாந்தத்தை எதிர்த்துப் பேசவில்லை. அத்வைதம் சொல்வது எல்லாம் ஒன்றே, இரண்டு இல்லை என்பது. அதை அவர் அப்படியே நம்பினார். நம்பியதால்தான் அதைச் சொல்லிக்கொண்டே மடி, தீட்டு, சாதி பார்த்தவர்கள் அவர் பாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

கும்மிக்குள் வேதாந்தம்

நான் தமிழ் பி.ஏ. படித்தேன். குறவஞ்சி என்றால் திருகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. 18-ம் நூற்றாண்டு, பரீட்சைக்குக் கட்டாயம் வரும். அதே தென்காசிச் சீமையில் ஒரு பெண் வேதாந்தக் குறவஞ்சி பாடியிருக்கிறார் என்று மூன்று வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட காதில் விழவில்லை. இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது.

குறவஞ்சியில் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள். தலைவிக்குத் தலைவன் கிடைப்பானா என்பதுதான் குறி. அக்காளின் குறவஞ்சியில் சொல்லப்படும் குறி, நீ யார் என்பது. பள்ளு என்பது வயல்காட்டுப் பாட்டு. அதிலும் வேதாந்தப் பள்ளு என்று ஒன்று செய்திருக்கிறார். வேதாந்த அம்மானை, வேதாந்த ஆச்சே போச்சே, அனுபோக ரத்னமாலை, பண்டிதன் கவி, பகவத்கீதா சார சங்கிரகம் என்று பட்டியல் நீளும்.

ஆச்சே போச்சே என்ற தலைப்பைப் பாருங்கள். நம்ம வீட்டுப் பேச்சு. ஐயோ போச்சே என்று புலம்புகிற வார்த்தையை எடுத்து, ஞானம் வந்ததால் எதெல்லாம் போச்சு என்று சந்தோஷமாகக் கணக்குப் போடுகிறார். பயம் போச்சு, தீட்டு போச்சு, நான் இன்னார் என்ற நினைப்பு போச்சு, இப்படி.

எனக்குப் பிடித்தது சூடாலைக் கும்மி. கதை யோக வாசிஷ்டத்தில் வருவது. தமிழில் வீரை ஆளவந்தார் அதை ஞானவாசிட்டமாகப் பாடியிருக்கிறார். சிகித்துவசன் என்ற ராஜா, சூடாலை என்ற ராணி. இரண்டு பேருமே ஞானம் தேடுகிறார்கள். ராணிக்கு முதலில் கிடைத்துவிடுகிறது. அரண்மனையில் இருந்துகொண்டே கிடைத்துவிடுகிறது. ராஜா அதை நம்பவில்லை, சிரிக்கிறார். அப்புறம் எல்லாத்தையும் துறக்கிறேன் என்று காட்டுக்குப் போய் உடம்பை வருத்துகிறார். ராணி நாட்டை ஆள்கிறாள். பல வருஷம் கழித்து, பெண்ணாகப் போய்ச் சொன்னால் இவர் கேட்கமாட்டார் என்று தெரிந்து, ஒரு இளம் அந்தணன் வேஷத்தில் காட்டுக்குப் போய் அவருக்குப் பாடம் எடுக்கிறாள். நீ நாட்டை விட்டாய், வீட்டை விட்டாய், நான் என்கிற நினைப்பை விடவில்லையே என்று புரிய வைக்கிறாள். அவருக்குத் தெளிவு வந்த பிறகுதான் தான் யார் என்று காட்டுகிறாள்.

புருஷனுக்குப் பெண்டாட்டி குருவாகிற கதை. அதை அக்காள் கும்மியாகச் செய்தார். கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கை தட்டி ஆடுகிற பாட்டு. ஒருத்தி பாட மற்றவர்கள் திருப்பிப் பாடணும். நாலு தடவை அடித்தால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். எழுதப் படிக்கத் தெரியணும் என்ற அவசியமே இல்லை. சமஸ்கிருதப் பாடசாலைக் கதவு பெண்களுக்குச் சாத்தியிருந்தது. அக்காள் அதைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை.

இத்தாலியில் ஒரு கிளாரா

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. டிவி சேனல் இணையதளம் என்பதால் இதைச் சொல்லியே ஆகணும். தொலைக்காட்சிக்கு என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பாதுகாவலரை வைத்திருக்கிறது. இத்தாலியின் அசிசி நகரத்துப் புனித கிளாரா. 1194-ல் பிறந்தவர். நோயில் படுத்திருந்தபோது, கோயிலில் நடந்த கிறிஸ்துமஸ் திருப்பலியைத் தன் அறையிலிருந்தே பார்த்தார் என்பது நம்பிக்கை. அதனால் 1958-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்.

கிளாராவும் வசதியான வீட்டுப் பெண். குடும்பத்துக்குத் தெரியாமல் இரவில் கிளம்பிப் போய் பிரான்சிஸ் முன்னால் நின்றார், அவர் கிளாராவின் முடியை வெட்டினார். அங்கே அது விடுதலை. இங்கே அக்ரஹாரத்தில் அதே முடி மழிப்பு தண்டனை. கிளாரா மடத்துத் தலைவியானார், தன் துறவியருக்கான விதிகளைத் தானே எழுதினார், சாவதற்கு இரண்டு நாள் முன்பு, 1253 ஆகஸ்டில், அதற்குப் போப்பின் ஒப்புதல் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் புனிதர் பட்டம். இன்றைக்கும் அசிசியில் அவர் பெயரில் பேராலயம், உள்ளே அவர் கல்லறை.

கிளாராவை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு திருச்சபையே இருந்தது. அக்காளுக்கு யார் இருந்தார்கள்?

பாட்டிகளின் நோட்டுப் புத்தகம்

பெண்கள் இருந்தார்கள். அதிலும் குறிப்பாக அவரைப் போலவே விதவையானவர்கள்.

பிற்காலத்தில் அக்காள் செங்கோட்டைக்கே திரும்பினார், ஒருகாலத்தில் விரட்டிய ஊரே அவரை ஏற்றுக்கொண்டது, பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்கிறது மரபு. அந்தப் பாட்டு பிறகு திருநெல்வேலிச் சீமை முழுக்க பிராமண வீடுகளுக்குள் பரவியது. மாவு அரைக்கும்போது, மத்தியானம் ஓய்ந்து உட்காரும்போது, கல்யாண வீட்டில் ஊஞ்சலைச் சுற்றி நிற்கும்போது என்று பாடியிருக்கிறார்கள். மங்கல நிகழ்ச்சியில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தி பாடியது, கல்யாணக்கூடத்துக்குள் போய்விட்டது.

அதே வீட்டு ஆண்களில் பலருக்கு இப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே தெரியாது. கூடத்தில் அவர்கள் வேதாந்தம் பேசிக்கொண்டிருக்க, பின்கட்டில் அதே வேதாந்தம் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. சிலர் கேட்டதை நோட்டில் எழுதி வைத்தார்கள். மகள்களுக்கும் மருமகள்களுக்கும் அது கைமாறியது.

இந்த இடத்தில் பாரதியார் பெயரும் வரும். அவர் மனைவி செல்லம்மாள் தென்காசி பக்கத்துக் கடையத்துக்காரர். புதுச்சேரியிலிருந்து கிளம்பி 1918 கடைசியில் கைதாகி விடுதலையான பாரதி, 1920 வரைக்கும் கடையத்தில்தான் இருந்தார். அக்காளின் மெட்டும் சொல்லும் பாரதி பாட்டில் கேட்கிறது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எட்டயபுரத்துப் பையன் வீட்டுப் பெண்கள் பாடக் கேட்டிருக்க வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் பாரதிக்கே வழிகாட்டி என்ற சர்ட்டிபிகேட் இருந்தால்தான் அக்காள் பெரியவர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அச்சுக்கு வந்தது ரொம்பத் தாமதம். வாய்வழியாகவும் நோட்டுகளிலும் கிடந்த பாடல்களைத் தென்காசி பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த வெங்கடராம சாஸ்திரி தொகுக்க, 1950-களில் புத்தகமாக வந்தது. பாடல்களைத் தேடித் திரட்டியதில் கோமதி ராஜாங்கம் என்ற பெண்ணின் பங்கும் பெரியது. பிறகு 2002-ல் திருக்கோவிலூர் பக்கத்துத் தபோவனத்தின் ஞானானந்த நிகேதன் பாடல் திரட்டாக வெளியிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்த காஞ்சனா நடராஜன் 2012-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, எல்லைகளை மீறுதல் என்ற பொருளில் தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். அதற்கப்புறம்தான் வெளியே கொஞ்சம் பேச்சு வந்தது.

அந்தக் கடைசி நாள்

தான் கிளம்பப்போவது அக்காளுக்குத் தெரிந்திருந்தது, கூட இருந்த பெண்களுக்குச் சொல்லியும் இருந்தார் என்பார்கள். ஆடி மாதம், குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிற நேரம். செங்கோட்டையிலிருந்து இப்போது பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குற்றாலம். அன்று நடைதான். அருவியில் குளித்தார். மேலே தியானம் பண்ணப் போகிறேன் என்று மலை ஏறினார். கூட வந்தவர்கள் கீழே நின்றுவிட்டார்கள்.

மெயின் அருவிக்கு மேலே செண்பகா தேவி அருவி, அதற்கும் மேலே அடர்ந்த காடு. அகத்தியர் இருப்பதாகச் சொல்லப்படும் பொதிகை மலைத்தொடர் அது. காத்திருந்து பார்த்துவிட்டுத் தேடினார்கள். துணியோ, எலும்போ, எதுவும் கிடைக்கவில்லை. தெய்வமாகிவிட்டார் என்று பாடியவர்கள் நம்பினார்கள்.

அதனால் அக்காளுக்குக் கும்பிட ஒரு கல்லறை இல்லை. அந்த நாள் மட்டும் இருக்கிறது, ஆடி அமாவாசை. வருஷம் என்ன என்று யாரும் குறித்து வைக்கவில்லை.